ஈரச் சாக்குக்கு அடியில் பச்சைப் பூசணம்

அந்தச் சணல் சாக்கை அவள் தூக்கிக் காட்டிய காலை எனக்கு மறக்கவில்லை. வேப்பமர நிழலில் மட்கிய எருக் குவியல், அதன்மேல் நனைத்துப் போட்ட சாக்கு. என் நாத்தனார், கணவரின் தங்கை, அதன் முனையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். கெட்டுப்போன ஊறுகாயில் பூக்குமே, அதுபோல எருவெல்லாம் பச்சைப் பூசணம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். “பொத்தாதீங்க மதினி, மோந்து பாருங்க” என்றாள். நாற்றமே இல்லை. லேசாகத் தேங்காய் உடைத்த வாசம்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட, ஒன்பதாவதுக்கு பஸ் ஏறித் திருமயம் போகவேண்டுமே என்ற பயத்தில்தான். கணவர் குவைத்தில் இருந்தார். இரண்டு வருஷமாக எங்கள் கடலைக்கு வேரழுகல். பூக்கிற சமயத்தில் செடி திட்டுத்திட்டாக வாடும். பிடுங்கினால் வேர் பாதியில் அறுந்து, தோல் நார்நாராக உரிந்து வரும். இந்தப் பட்டமும் செத்தால் வயலைத் தைலமரத்துக்கு விட்டுவிடலாம் என்று போனில் சொல்லிவிட்டார். இருபுறமும் ஏற்கெனவே தைலமரந்தான். அதை நட்டுவிட்டால் பிறகு அந்த மண்ணில் ஒரு கடலைச் செடியை நாங்கள் பார்க்கப்போவதில்லை.

புருஷன் வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்திருந்த நாத்தனார்தான் அந்த வயலைக் கையில் எடுத்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று ஊர் அவளுக்குப் பேர் வைத்திருந்தது. அவள் விவசாய டெப்போவுக்குப் போய் விரிடி என்கிற நல்ல பூசணப் பொடி வாங்கி வந்து எருவில் கலந்து வளர்த்தாள். “வேரத் திங்கிற பூசணத்த இது திங்கும் மதினி. இது உசுரு. உசுரோடதான் மண்ணுக்குள்ள போகணும்” என்பாள். கணவரின் பெரியப்பா வரப்பில் நின்று சிரித்தார். “ஊரே பூசணத்துக்கு மருந்தடிக்குது. இவ எருப் போட்டு வளக்குறா.” அவள் நிமிரக்கூட இல்லை. “ஒங்க வயலுக்கும் ஒரு கூடை தரவா பெரியப்பா?” என்றாள்.

விதைப்பு அன்று காலை, தோல் உரியாமல் விதைக் கடலைப் பருப்பை விரிடியில் புரட்டி நிழலில் உலர்த்திவிட்டு, விதைக்க ஆள் கூப்பிடப் போனாள். வீட்டில் நான் மட்டும். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க, இதுவும் வேரைத் தின்றுவிடுமோ என்று பயம். முந்தின வருஷம் கடையில் வாங்கிய பூஞ்சைமருந்து பரணில் மிச்சம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இரட்டைக் காவல் என்று நினைத்தேன். விதையில் தூவினேன். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து எருக் குவியலிலும் ஊற்றி, சாக்கைப் பழையபடி மூடினேன். இரண்டு வருஷமும் அந்த மருந்தைப் போட்டும்தான் செடி செத்தது என்பது என் பயத்துக்கு உறைக்கவே இல்லை.

பூக்கிற சமயத்தில் மறுபடியும் திட்டுத்திட்டாக வாடியது. பெரியப்பா தைலமரத் தரகரைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்துவிட்டார். தரகர் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். நாத்தனார் செத்த செடிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஒன் பூசணம் நல்லா வெளஞ்சிருக்கு தாயி” என்றார் பெரியப்பா. எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், ஒவ்வொரு வேராகத் திருப்பிப் பார்த்து, “எங்க தப்பு விட்டேன்னு தெரியலயே மதினி” என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆண்கள் பேசும் இடத்தில் வாய் திறந்தறியாத நான் பேசினேன். “அவ தப்பு விடல. நாந்தான் கடை மருந்தக் கலந்தேன். அவ வளத்த உசுர நாந்தான் கொன்னேன். இன்னொரு பட்டம் வெதைக்காம இந்த வயலக் குடுக்க மாட்டோம். டேப்பச் சுருட்டுங்க.”  சொல்லிவிட்டு வரப்பை விட்டு நகரவில்லை. பெரியப்பா அங்கேயே கணவருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் “ஒரு பட்டந்தான்” என்றார்.

வீடு வரும்வரை நாத்தனார் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வாசலில் கால் கழுவும்போது, “ஏன் மதினி, எறும்புப்பொடி கைக்கு அகப்படலயா? அதயும் போட்டிருக்கலாமே” என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்த பட்டத்துக்குக் குவியல் போட்டபோது என்னைத்தான் காவல் வைத்தாள். “நனைக்கிறது மட்டும் ஒங்க வேல. தூக்கிப் பாக்கப்பிடாது.” பால் பொங்கிவிடுமோ என்று அடுப்பைவிட்டு நகராதவளுக்கு அது என்ன தண்டனை என்று சொல்லி மாளாது. தூக்கவில்லை. அந்த வருஷம் பள்ளத்து மூலையில் கொஞ்சம் செத்ததென்னவோ உண்மை. மற்ற இடத்தில் பிடுங்கிய செடி, வேர் அறாமல், காயும் மண்ணுமாகக் கையோடு வந்தது. பெரியப்பா மழை நல்ல மழை என்றார். மழை அவர் வயலிலும்தான் பெய்தது.

போன வருஷம் அவள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். வழிநடத்த ஆள் போய்விட்டது, இனி இவள் பயந்துகொண்டு கொடுத்துவிடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பயம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்று காலை அதே தரகர் பைக்கை நிறுத்தி வேலிக்கு வெளியிலிருந்து கேட்டார். குடுக்கிறதில்லை என்றேன். “யோசிச்சுச் சொல்லுங்கக்கா.” “யோசிச்சு யோசிச்சுத்தான் ஒரு தடவ கெடுத்தேன். போயிட்டு வாங்க.”

பைக் போன பிறகு வேப்பமரத்தடிக்குக் குடத்தோடு வந்தேன். கை சாக்கின் முனைவரை போனது. தூக்கவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து மோந்து மட்டும் பார்த்தேன். தேங்காய் வாசம்.