ரைஃபிள் என்று திருத்தியவர்

பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் அவருக்குப் ‘பட்டாளம்’ என்று பட்டப்பெயர். ராணுவ ஆயுதக் கிடங்கில் பதினெட்டு வருடம் துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டியவர். செய்தி ஆசிரியர் அவர் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதை அடிக்கடி சொல்லிக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அன்றைய முதல் பக்கச் செய்தி, முகாம் வாசலில் காவல் நின்ற சிப்பாய் கூட்டத்தைச் சுட்டதில் நான்கு பேர் பலி. தலைப்பில் ‘இயந்திரத் துப்பாக்கி’ என்றிருந்தது. கூடவே வந்த புகைப்படத்தில் சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கியை உற்றுப் பார்த்த பட்டாளம் அதை அடித்துவிட்டு ‘ரைஃபிள்’ என்று எழுதினார்.

தாளைத் தூக்கிக்கொண்டு மைத்துனன் வந்து நின்றான்.

“நாலு பேரு செத்துக் கிடக்காங்க. எந்தத் துப்பாக்கின்னு ஆராய்ச்சி பண்றீங்களா அத்தான்? பட்டாளத்துச் சோறு இன்னும் செரிக்கல போல. அவனுகளைக் காப்பாத்தப் பாக்குறீங்க.”

பட்டாளத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

“காப்பாத்துறது நானா, நீயா? இயந்திரத் துப்பாக்கின்னா ஒரு தடவை அழுத்திப் பிடிச்சாப் போதும், அதுபாட்டுக்குச் சுட்டுத் தள்ளும். கை தவறிப்போச்சுன்னு சொல்லித் தப்பிச்சுடுவான். படத்துல இருக்கற ரைஃபிள்ல ஒவ்வொரு குண்டுக்கும் விசையை விட்டுவிட்டு அழுத்தணும். தரையில பதினோரு காலித் தோட்டா கிடந்துச்சுன்னு நீதானே எழுதியிருக்கே? பதினோரு தடவை அழுத்தியிருக்கான்டா!”

மைத்துனனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் அறையே வேடிக்கை பார்க்கும்போது இறங்கிவர மனம் வரவில்லை.

“இங்க ஆசிரியர் நான், சார்,” என்றான். செய்தி பழைய தலைப்போடே அச்சேறியது.

மறுநாள் ராணுவம் அறிக்கை விட்டது: அந்த முகாமில் இயந்திரத் துப்பாக்கியே கிடையாது, செய்தி முழுக்கப் பொய். முதலாளி கத்தினார். பிழை திருத்துபவர் கவனிக்கவில்லை என்று மைத்துனன் கைகழுவினான். பட்டாளத்தை விளம்பரப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள்.

“என் தம்பிதானே, விட்டுடுங்களேன்,” என்றாள் மனைவி.

“என்னைச் சொன்னதை விட்டுடறேன். அந்த நாலு குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது?”

அந்த வாரமே இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடும் வக்கீலைத் தேடிப்போனார். பிறகு வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த ரைஃபிள் சுடும் விதத்தை நீதிபதிக்கு நிதானமாக விளக்கினார். கை தவறியது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. சிப்பாய் சிறைக்குப் போனான்.

தீர்ப்புச் செய்தியில் மைத்துனன் சரியான சொல்லையே போட்டிருந்தான். ஆனால் அக்கா வீட்டு வாசல்படியை அதற்குப் பிறகு அவன் மிதிக்கவில்லை. வரச்சொல்லி பட்டாளமும் ஆள் அனுப்பவில்லை.