எழுந்து நிற்கும் பழக்கம்

மெல்பேர்னில் நான் வேலை செய்யும் பாண் சுடும் தொழிற்சாலையில், மேலாளர் லிண்டா என் மேசைப் பக்கம் வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். “எங்கேயாவது போகிறாயா?” என்று கேட்டு அவர் வழிவிடுவார். இல்லை என்பேன், ஆனாலும் உட்கார மாட்டேன். மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கால்மேல் கால் போட்டபடி கதைப்பார்கள்.

இலங்கையில், எங்கள் நிந்தவூரில், ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். முதலாளி ஹாஜியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே கதிரையை விட்டு எழும்பிவிடுவோம். பொறுப்பு ஏதும் தருவதென்றால், “உங்களால ஏலுமா தம்பி?” என்று கேட்பார். “எனக்கென்ன தெரியும் ஹாஜியார், நீங்க செல்லித் தாங்க, செய்றன்” என்று தலையைக் குனிய வேண்டும். ஏலும் என்று நிமிர்ந்தவனுக்குத் தலைக்கனக்காரன் என்று பெயர். ஆலைச் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது அப்படிக் குனிந்துதான்.

போன மாதம் எங்கள் பிரிவின் பொறுப்பாளர் விலகினார். அது பகல் வேலை. எனக்கோ பின்னேர வேலை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பேன். அந்த இடம் கிடைத்தால் இரவுச் சாப்பாட்டையாவது அவளோடு சேர்ந்து சாப்பிடலாம். லிண்டா என்னைக் கூப்பிட்டு, “இந்தப் பிரிவை உன்னால் நடத்த முடியுமா?” என்று கேட்டார். “எனக்கு அவ்வளவு தெரியாது. நீங்கள் சொன்னால் செய்கிறேன்” என்றேன். என் நேர்மைக்கு நன்றி சொன்னார். வேலை கிடைத்துவிட்டது என்று நம்பி, வட்டிலாப்ப இனிப்புச் செய்ய முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த இடம் மாயாவுக்குப் போனது. நேபாளத்துப் பெண், அவளுக்கு வேலை பழக்கியதே நான்தான்.

“ஏலும் எண்டு செல்ல வாயில்லையா மச்சான்?” என்றாள் மனைவி. “அந்தப் புள்ளைக்கும் நீங்கதானே எல்லாம் பழக்கினீங்க?” மகள் மிச்ச வட்டிலாப்பத்தைத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நல்ல வேலை கிடைத்தால் தன்னம்பிக்கை தானாக வரும் என்றுதான் கடல் கடந்தேன். இங்கே அதை முதலில் காட்டினால்தான் நல்ல வேலையே கிடைக்கிறது. என்னிடம் அது அறவே இல்லாமலும் இல்லை. போன பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது ஆலைக்குள் ஹாஜியார் வர, வெளிநாட்டுக்காரன் என்ற நினைப்பில் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன். “இரிங்க தம்பி, இரிங்க. இப்ப நீங்க பெரிய ஆள்தானே” என்றார். பழைய கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். காட்டக் கூடாத இடத்தில்தான் அதைக் காட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை, பகல் வேலை முடியும் நேரத்தில் மாயா பொறுப்பாளராக என் மேசைக்கு வந்தாள். இவளுக்கு எழும்புவதில்லை என்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தேன். ஆனால் கால் கேட்கவில்லை.

“ஐயோ, இருங்கள் அண்ணா! உங்களிடம் கேட்டுப் பழகத்தானே வந்தேன்” என்றாள்.

பாதி எழும்பியவன், மேசையைப் பிடித்தபடி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.