செம்பி தரையில் தேய்த்த மழைக்காலம்

குழந்தை தவழ்கிற வீட்டில் ஒரு தாய் எவ்வளவு பயப்படுவது சரி? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. குறைவாகப் பயந்தால் அலட்சியம் என்கிறார்கள். அதிகமாகப் பயந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. கணவர் தக்கலையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகனுக்கு அப்போது பத்து மாதம். வீட்டின் நாலாவது ஆள் செம்பி என்ற பெண் நாய். நாட்டு நாய்தான். புதுச் செம்புப் பானையின் நிறம் என்பதால் கணவர் அந்தப் பெயரை வைத்தார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவள் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்ற நாட்களில் முற்றத்தில் கிடப்பாள். மழை பிடித்துவிட்டால் ஹாலுக்குள் வந்துவிடுவாள்.

ஒரு நாள் காலையில், பின்னங்கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, முன்னங்கால்களால் தன்னை இழுத்து, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தபடி ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போனாள். மகன் கைதட்டிச் சிரித்தான். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. நானும் ஃபோனில் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினேன். மறுநாள் நாலைந்து தடவை அப்படிச் செய்தாள். மூன்றாம் நாள், அவள் தேய்த்துப் போன அதே இடத்தில் மகன் உள்ளங்கையை ஊன்றி, அந்தக் கையை அப்படியே வாயில் வைத்தான். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃபோனில் தேடினேன். முதலில் கண்ணில் பட்டது குடற்பூச்சி. நாயிடமிருந்து குழந்தைக்கும் வரலாம் என்று அதற்கு அடுத்த வரி. கீழே வேறு காரணங்களும் இருந்திருக்கும். நான் படிக்கவில்லை. அல்லது படித்தும் மனதில் ஏறவில்லை, இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி, மீன்துண்டுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தேன். தேய்ப்பது நிற்கவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு மாத்திரை. அதன் பிறகும் ஒன்று. இடையில் மகனின் மலத்தை டப்பாவில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. நம்பிக்கை வராமல் வேறொரு இடத்திலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கும் ஒன்றும் இல்லை.

தரையைத் துடைப்பதுதான் என் முழுநேர வேலையாகிவிட்டது. காலையில், மதியம், சாயங்காலம், அவள் ஒவ்வொரு முறை தேய்த்த பிறகும் என்று துடைத்தேன். முதலில் வாளித் தண்ணீரில் ஒரு மூடி பினாயில் விட்டேன். பிறகு இரண்டு மூடி. கடைசியில் அளவே பார்ப்பதில்லை. நான் துடைக்கத் துடைக்க அவள் அதிகம் தேய்த்தாள். அவள் தேய்க்கத் தேய்க்க நான் அதிகம் துடைத்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

நாயை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். விடாத மழை, கைக்குழந்தை என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நாலு பேர் நடுவில் நின்று இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. மகன் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான். படுத்திருந்த செம்பியின் இடுப்பைப் பிடித்து எழப் பார்த்தான். அதுவரை அவன் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் கிடப்பவள், சட்டென்று திரும்பிப் பல்லைக் காட்டி உறுமினாள். கடிக்கவில்லை. ஆனால் வாய்க்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நான் மகனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கே அவளைப் பின்புறம் விறகுப்புரையில் கட்டினேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"கடிச்சுதா ஏட்டி?"

"கடிக்கல. கடிச்சிருந்தா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கீரிப்பாறைல தங்கச்சிகிட்ட விடலாம். ஒனக்கு சரின்னு பட்டா செய்யி, நான் தடுக்க மாட்டேன்," என்றார். பிறகு விறகுப்புரைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவருடைய தங்கையும் அவள் கணவரும் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அவர் பால் வெட்டுவார், இவள் பால் எடுப்பாள். அங்கே ஏற்கெனவே இரண்டு நாய்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தங்கை புதுச் சங்கிலி ஒன்றோடு வந்து இறங்கினாள். என்னைவிட மூன்று வயது சிறியவள். பத்தாவதோடு நிறுத்தியவள். நான் எம்.எஸ்ஸி. படித்தவள் என்பதை அவள் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை.

நேரே விறகுப்புரைக்குப் போனாள். செம்பி வாலை ஆட்டிவிட்டு உடனே உட்கார்ந்து தேய்த்தாள். நான் வாளியை எடுக்கப் போனேன்.

"மைனி, இவளுக்க வாலைத் தூக்கிப் பாத்தியளா?"

"இல்ல."

"பொறவு எதை வச்சாக்கும் பூச்சின்னு சொல்லுகிய?"

"ஃபோன்ல போட்டிருந்து."

"ஃபோனு வாலைத் தூக்கிப் பாத்துதாக்கும்," என்றபடி அவளே குனிந்து பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. "இஞ்ச வாங்க. வந்து பாருங்க."

ஆசனவாய்க்குக் கீழே ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. சுற்றிலும் தோல் உரிந்து புண்ணாக இருந்தது. அந்தப் புண்ணோடுதான் அவள் என் பினாயில் ஈரத்தில் இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு மாதத்துக்கு மேல் தரையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தங்கை அன்று திரும்பிப் போகவில்லை. மறுநாள் காலை ஆட்டோ பிடித்து, மகனையும் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும். எங்கள் முறை வந்தது. டாக்டர் செம்பியைப் பார்த்துக்கொண்டே, "வெளிக்கு எப்படி போகு? இறுக்கமா, இளக்கமா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை, மஞ்சளா, இளக்கமாதான்," என்றேன்.

அவர் என் இடுப்பில் இருந்த மகனைப் பார்த்தார். "நாய்க்காக்கும் கேட்டேன்."

ஆட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். செம்பிக்கு எப்படிப் போகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தங்கைதான், விறகுப்புரையில் பார்த்ததை வைத்து, களி மாதிரி போகிறது என்று சொன்னாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாய்க்கு ஆசனவாயின் இரு பக்கமும் தோலுக்குள் சின்னதாக இரண்டு பைகள் உண்டு. மலம் கெட்டியாகப் போகும்போது அழுத்தம் பட்டு, அதிலிருக்கும் நீர் தானாக வெளியே வந்துவிடும். இளக்கமாகவே போய்க்கொண்டிருந்தால் அந்த நீர் தேங்கிக் கட்டியாகிவிடும். அரிப்பும் வலியும் தாங்காமல்தான் தரையில் தேய்க்கிறது. பூச்சியாலும் தேய்க்கும், அப்போது வாலடி முடியிலோ மலத்திலோ அரிசி போலத் தெரியலாம். உண்ணியாலும் ஒவ்வாமையாலும்கூடத் தேய்க்கும். பார்க்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது, அதுவும் எடை தெரியாமல் கொடுக்கவே கூடாது என்றார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அது உடைந்து பெரிய புண்ணாகியிருக்குமாம்.

கையுறை போட்டு அழுத்தி எடுத்தார். செம்பியின் தலையைத் தங்கை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆட்டுக்காரர் ஆட்டோடு வெளியே போய்விட்டார். "எட்டு வருசமா ரப்பர் பால் நாத்தத்துல நிக்குகேன், இது அதையும் தூக்கிச் சாப்பிட்டுட்டு," என்றாள் தங்கை. ஆனால் பிடியை விடவில்லை.

என்ன சாப்பாடு கொடுக்கிறோம் என்று டாக்டர் கேட்டார். சோறும் மீனும் என்றேன். வேறு ஒன்றும் இல்லையா என்றபோதுதான் நினைவு வந்தது. மகனுக்கு தினமும் ஏத்தங்காய் என்கிற நேந்திர வாழைக்காய்ப் பொடியில் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவேன். போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எப்போதும் கூடுதலாகவே காய்ச்சுவேன். அவன் பாதிக்கு மேல் சாப்பிட மாட்டான். பிள்ளைக்குக் காய்ச்சியதைக் கீழே கொட்ட எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது. மிச்சம் முழுவதும் இரண்டு வேளையும் செம்பியின் தட்டுக்குத்தான் போனது. அவன் கூழ் குடிக்கத் தொடங்கிய சில மாதங்களில்தான் அவள் தேய்க்கத் தொடங்கினாள்.

"அதுதான் காரணமா டாக்டர்?"

"இருக்கலாம். சில நாய்க்கு வயிறு நல்லா இருந்தாலும் இப்படி வரும்."

அவர் எனக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று தெரியவில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாட்களுக்கு இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து ஒற்றடம் வைக்கச் சொன்னார். பாலும் கூழும் நிறுத்திவிட்டு, சோற்றோடு வேகவைத்த மஞ்சள் பூசணியைக் கொஞ்சம் மசித்துச் சேர்க்கச் சொன்னார். அழுத்தி எடுக்கும் வேலையை வீட்டில் நாமாகச் செய்யக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். பினாயிலைப் பற்றி நானே சொன்னேன். அது எரிச்சலைக் கூட்டியிருக்கும், இனி வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும் என்றார்.

தங்கை சங்கிலியை என் கையில் கொடுத்தாள். "பட்டியைக் கூட்டிட்டு வருகேன்னு வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டு வந்தேன். வெறுங்கையோட போனா மானம் போகும் மைனி," என்றாள். பட்டி என்றால் எங்கள் பக்கத்தில் நாய். போகிற வழியில் அண்ணன் கடையில் ஒரு இட்லிப் பானை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்றிரவு கணவர் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒற்றடம் நான்தான் வைத்தேன். முதல் நாள் நடுங்கினாள். என்னைப் பார்த்து ஒரு முறைகூட உறுமவில்லை. ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது தேய்ப்பதே இல்லை. மகனுக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அந்தப் பயம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. கணவர் கூப்பிட்டால் வாலாட்டி ஓடுகிறாள். மகன் தத்தித் தத்தி நடந்து வந்தால் முகத்தை நீட்டிக் கொடுக்கிறாள். நான் பக்கத்தில் போனால் எழுந்து இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நான் தட்டில் வைப்பதைச் சாப்பிடுவாள், நான் அந்தப் பக்கம் போன பிறகு. வலி வந்தால் சொல்லத் தெரியாத இரண்டு பேர் எங்கள் வீட்டில் இருந்தார்கள். நான் ஒருவனை மட்டும்தான் எண்ணினேன். நாய் வளர்த்துப் பழகியவர்களிடம் கேட்கிறேன்: இப்படி விலகிப் போன நாயை மறுபடி கிட்டே வரவைக்க என்ன செய்ய வேண்டும், நானாகப் போக வேண்டுமா, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.