பினாயில் மணத்த பல்லி வீடு

1. குளிரில் ஒடுங்கிக் கிடந்த புள்ளிப்பல்லி ஒன்றை வளர்க்க என் ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன்.
2. அதற்கான கண்ணாடிப் பெட்டியைப் பினாயில் ஊற்றித் துடைத்தேன்.
3. ஈரம் காய்வதற்குள் பல்லியை உள்ளே விட்டு மூடினேன்.

அரை மணியில் அது வாய் பிளந்து மல்லாந்து கிடந்தது. பதறிப்போனேன். ஜவ்வாது மலை மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிக்கும் எனக்குக் கிருமி பயம் மட்டுமே பழக்கம்.

அங்கே பெருக்கும் முனியம்மா ஓடிவந்து மூடியைத் திறந்தார். "இன்னாம்மா இது? இந்த நாத்தத்துக்கு நானே மூக்கப் பொத்திக்கினு பெருக்குறேன். அது எங்க ஓடும், சொல்லுங்க?"

வெளியே நிழலில் வைத்தோம். வெகுநேரம் கழித்தே வால் அசைந்தது.

இப்போது பெட்டியை வெந்நீரில் மட்டும் கழுவி, வெயிலில் காயவைக்கிறேன். மூடிக்குப் பதில் கம்பிவலை போட்டு, உள்ளே மணலும் உடைந்த ஓடும் வைத்திருக்கிறேன். பல்லி நன்றாகத் தின்கிறது. என்னைக் கண்டால் மட்டும் ஓட்டுக்கடியில் போய்விடுகிறது.