நாற்பது வீடு, நாற்பது குழி

சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்கு வடக்கே கிடந்த இடத்தை ஊரில் பட்டாளக் காடு என்றுதான் சொல்வார்கள். சண்டைக் காலத்தில், 1943-ஆம் வருஷம், பட்டாளத்துக்காரர்கள் அங்கே தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். 1946-இல் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். தகரத்தையும் மரத்தையும் ஏலம் எடுத்தவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியாமல் மிஞ்சியது ஐந்து கான்கிரீட் தளங்கள். ஒவ்வொன்றும் நூற்றிருபது அடி நீளம், இருபத்துநாலு அடி அகலம். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் நடுவே முப்பது அடி செவல் மண். ஒன்பது வருஷமாக அந்தத் தளங்களில் வெள்ளாடுகள் படுத்தன. வெயில் காலத்தில் மிளகாய் வற்றல் காய்ந்தது.

அந்தத் தளங்களைப் போட்டவர்களில் துரைப்பாண்டியும் ஒருவன். அப்போது அவனுக்கு இருபத்தோரு வயது. தகப்பனாரும் கொத்தனார்தான். அவர் காலமானபோது துரைப்பாண்டிக்குப் பதினொன்று. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. சாந்துச் சட்டி தூக்கினான், பிறகு கரணை பிடித்தான். பட்டாள வேலையில்தான் அவன் தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டான். கம்பி வலை விரித்து, ஆறு அங்குல கனத்துக்குக் கான்கிரீட் கொட்டி, ஈரச் சாக்குப் போட்டு இருபத்தொரு நாள் தண்ணீர் காட்டினார்கள். பிற்பாடு ஊரில் எத்தனையோ வீடு கட்டினான். ஆனாலும் வடக்கே போகும்போதெல்லாம் அந்தத் தளத்தில் ஏறி நின்று குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வருவான். ஒன்பது மழைக்கும் ஒரு மயிரிழை விரிசல் கிடையாது.

அவன் கட்டிய சுவர் எதையும் யாரும் இடிக்கச் சொன்னதில்லை. அதை அவனே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதும் இல்லை. அவனுடைய அக்காள் செண்பகவல்லிதான் சொல்லுவாள். ஆறு வயது மூத்தவள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி அடுத்த வளவில் குடியிருந்தாள். அவன் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அன்றைய அளவுகளைச் சொல்லுவான். அவள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுவாள். மறுநாள் எழுதியதை வாசித்துக் காட்டுவாள். அவனுக்கு எழுத்து வராத குறை அந்த நோட்டில் தீர்ந்துபோயிற்று.

ஊரில் நெசவுக்காரர்கள் பாடு அப்போது மோசம். தறி இருக்கும், வீடு இருக்காது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, தரையில் குழி தோண்டுவியா என்றுதான். தோண்டாமல் முடியாது. குழித்தறியில் நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, இடுப்பளவுக் குழியில் காலை இறக்கி, அடியில் இருக்கிற மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். குழியின் ஈரம்தான் நூலை அறுந்து போகாமல் காக்கும். வீட்டைக் காலி செய்கிறபோது அந்தக் குழியைத் தூர்த்து, மண்ணை இடித்துக் கெட்டியாக்கி, சாணி மெழுகிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பேச்சித்தாய் என்ற நெசவுக்காரி பதினொரு வருஷத்தில் ஐந்து வீடு மாறியவள். ஐந்து குழி தோண்டி ஐந்தையும் தன் கையாலேயே தூர்த்திருந்தாள்.

நெசவாளர் சங்கத்தின் தலைவர் குருசாமி நாலு வருஷம் மனுப் போட்டு நடையாய் நடந்ததில், 1955 கடைசியில் பட்டாளக் காடு நெசவாளர் குடியிருப்புக்கென்று கிடைத்தது. நாற்பது வீடு. ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. 1956 மார்ச் 31-க்குள் நாற்பது வீட்டுக்கும் ஓடு வேய்ந்திருக்க வேண்டும். தவறினால் இடம் வேறு காரியத்துக்குப் போய்விடும். அந்த இடத்தைக் கேட்டு ஏற்கெனவே ஆட்கள் காத்திருந்தார்கள். சங்கத்தார் சீட்டுக் குலுக்கி நாற்பது பேரை எடுத்தார்கள். பேச்சித்தாய்க்கு முதல் வரிசையில் மூன்றாவது வீடு விழுந்தது.

கட்டுகிற பொறுப்பு துரைப்பாண்டிக்கு வந்தது. அவன் கையில் வாங்கிய முதல் பெரிய வேலை. மேலிடத்து வரைபடத்தில் வீடு பதினைந்தடி அகலம், இருபத்துநாலு அடி நீளம். முன்னறை பன்னிரண்டு, பின்னால் தறி அறை பன்னிரண்டு. அவன் அதைக் கண்டதும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நூற்றிருபது அடியில் எட்டு வீடு. ஐந்து தளத்தில் நாற்பது வீடு. தளத்தின் அகலமும் இருபத்துநாலேதான். அளந்து வைத்தது மாதிரி இருந்தது. அஸ்திவாரம் தோண்ட வேண்டாம், தரை போட வேண்டாம். தளத்தின் மேலேயே சுவரை எழுப்பினால் இரண்டு மாதம் மிச்சம். யோசனையைச் சொன்னதும், வேலையை மேற்பார்க்கிற சர்க்கார் ஓவர்சீயர் சரி என்றார். குருசாமி அவன் தோளைத் தட்டினார். நெசவுக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாணி மெழுக வேண்டாத சிமெண்டுத் தரை. ஒருவருக்குமே குழியின் ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 2-ஆம் தேதி, திங்கட்கிழமை, வேலை தொடங்கியது. இருபதாம் தேதிக்குள் முதல் வரிசை எட்டு வீடும் இடுப்பளவு எழும்பிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, பேச்சித்தாய் தன் வீட்டைப் பார்க்க வந்தாள். வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்து, முன்னறையைக் கடந்து, தறி அறைக்குப் போனாள். வடக்குச் சுவரை ஒட்டித் தறி வைப்பதாக நினைத்துக்கொண்டு, வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். கால் இரண்டும் நேரே நீண்டு கிடந்தன.

"கொத்தனார் அண்ணாச்சி," என்று கூப்பிட்டாள். "நான் காலை எங்கன வைக்க?"

சுவரின் நேர் பார்க்கக் குண்டுநூலைப் பிடித்திருந்த துரைப்பாண்டி திரும்பினான். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. நூலைக் கீழே வைத்தான். அன்றைக்கு அப்புறம் அவன் செங்கல்லைத் தொடவில்லை.

உடைத்துப் பார்ப்போம் என்று இரண்டு பேரைச் சம்மட்டியோடு இறக்கினான். மூன்று நாள் அடித்தார்கள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் பள்ளம் விழுந்தது; உள்ளே கம்பி வலை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அடித்த அதிர்ச்சியில் பக்கத்துச் சுவர் மேலிருந்து கீழே வரை விரிசல் விட்டது. சம்மட்டிக்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பாவி போட்ட தளமோ" என்றான். போட்டவன் பக்கத்தில்தான் நின்றான்.

குருசாமி வந்து பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நாலு வருஷம் அலைந்த இடம் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்கிற கவலை அவருக்கு. துரைப்பாண்டியைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"வே, நான் சொல்லுததைக் கேளும். முதல்ல கட்டி முடிச்சு இடத்தைக் கையில வாங்கிருவோம். குழியைப் பொறவு பாத்துக்கிடலாம்."

"பொறவு பாக்க என்ன இருக்கு? சுவரு ஏறி ஓடும் போட்டுட்டா யாரு இடிக்கப் போறா? அவுக இங்கன படுத்து எந்திரிச்சுட்டு, தறி போட மறுபடி வாடகை வீட்டுக்குல்லா போவணும்."

"தேதி தவறிட்டுன்னா படுக்கவும் இடம் கிடையாது. அதை யோசிச்சீரா?"

இருவரும் சொன்னது சரிதான்.

அன்று சாயங்காலம் அவன் அக்காள் வீட்டுக்குப் போனான். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் செண்பகவல்லிக்கும் தெரியும். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். தளம் ஐந்து. நீளம் நூற்றிருபது. அகலம் இருபத்துநாலு. கனம் ஆறு அங்குலம். நடுவே மண் தரை முப்பது அடி.

"அதைத் திரும்ப வாசி."

"கனம் ஆறு அங்குலம்."

"அது இல்லக்கா. அதுக்குப் பொறவு."

"நடுவே மண் தரை முப்பது அடி."

துரைப்பாண்டி எழுந்து முற்றத்துக்குப் போய் ஒரு குச்சியால் கோடு போட்டான். வீட்டைத் தளத்தின் மேல் முழுசாக வைத்தால்தானே தொல்லை. ஒவ்வொரு வரிசையையும் பன்னிரண்டு அடி பின்னால் தள்ளிவிட்டால் முன்னறை தளத்தின் மேலே வரும். தறி அறை செவல் மண்ணில் இறங்கும். குழி தோண்டத் தடை இல்லை. வாசலுக்கு முன்னால் பன்னிரண்டு அடி அகலத்துக்கு நூற்றிருபது அடி நீளத் தளம் சும்மா கிடக்கும். பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட அதை விட நல்ல இடம் ஊரில் கிடையாது. தளமும் மண்ணும் சேர்த்து வரிசைக்கு வரிசை முப்பது அடித் தெருவும் அப்படியே இருக்கும்.

செண்பகவல்லி கோட்டைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"அப்போ முதல் வரிசையை இடிக்கணுமேலே."

"இடிக்கத்தான் வேணும்."

"எட்டு வீடும்?"

"எட்டும்தான்."

அவள் உள்ளே போய்த் தாள் எடுத்து வந்து ஓவர்சீயருக்கு மனு எழுதினாள். யோசனை தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னான் அவன். அவளுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதினாள். கீழே கோட்டுப் படத்தையும் அடிக்கணக்கோடு வரைந்து கொடுத்தாள்.

ஓவர்சீயர் ஜனவரி 30 அன்று வந்தார். அவர் தறியை அருகில் பார்த்ததில்லை. பேச்சித்தாய் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார். தேதியை மட்டும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மிச்சம் இருந்தது அறுபத்தொரு நாள்.

மறுநாள் காலையில் துரைப்பாண்டி தானே முதல் சுவரில் கடப்பாரையைப் போட்டான். கூட இருந்த கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். சுண்ணாம்புச் சாந்து இன்னும் முழுசாக இறுகியிருக்கவில்லை. செங்கல் உடையாமல் கழன்று வந்தது. ஒவ்வொன்றாகச் சுரண்டி அடுக்கினார்கள். இரண்டு நாளில் முதல் வரிசை இருந்த இடம் பழையபடி வெறும் தளமாயிற்று.

ஆனால் மண்ணில் சுவர் நிற்க வேண்டுமென்றால் அஸ்திவாரம் வேண்டும். மூன்றடி ஆழம், நாற்பது வீட்டுக்கு. மிச்சம் பிடித்த வேலையெல்லாம் திரும்பி வந்தது. அதற்கு ஆள் எங்கே என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கையில், வெள்ளிக்கிழமை காலையில் சீட்டு விழுந்த நாற்பது குடும்பமும் மண்வெட்டியோடு வந்து நின்றது. பேச்சித்தாய் முன்னால் நின்றாள். குழி தோண்டுவது தங்களுக்குப் பழக்கம்தான், அளவைக் காட்டினால் போதும் என்றாள்.

தறியில் உட்கார்ந்தே பழகிய ஆட்கள். வெயிலில் நிற்கவே கஷ்டப்பட்டார்கள். புளியங்குடியிலிருந்து வந்திருந்த ஒரு கொத்தனார் ஒருவரைப் பார்த்து, "வே, மண்வெட்டியைத் தறி நாடா மாதிரி எறியாதியும், பிடிச்சு வெட்டும்" என்றார். அந்த நெசவுக்காரர் நிமிராமலே, "நீரு ஒரு நாள் தறியில உக்காந்து பாரும், எது வலது காலு எது இடது காலுன்னு மறந்துபோவும்" என்றார். குருசாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் சுமந்தார். நாலு நாளில் ஐந்து வரிசைக்கும் தோண்டி முடிந்தது.

துரைப்பாண்டிக்கு இன்னொரு பயம் இருந்தது. பாதி வீடு கான்கிரீட் மேலே, பாதி வீடு புது அஸ்திவாரத்து மேலே. மண் கொஞ்சம் உட்கார்ந்தாலும் இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளக்கும். அதனால் அந்த இடத்தில் செங்கல்லைப் பல் கோத்துக் கட்டாமல், இரண்டு சுவரையும் தனித்தனியாக நிறுத்தி, நடுவே விரல் நுழையாத அளவு சந்து விட்டான். முன்னறை தன் போக்கில் நிற்கும், தறி அறை தன் போக்கில் உட்காரும். இதைப் படத்தில் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை.

திருவேங்கடத்திலிருந்தும் கொத்தனார்கள் வந்தார்கள். மார்ச் 28, புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு ஐந்தாம் வரிசைக் கடைசி வீட்டில் கடைசி ஓடு ஏறியது. ஓவர்சீயர் வந்து எண்ணினார். நாற்பது. சாவி கொடுக்கிற அன்று பந்தல் போட்டார்கள், பெரியவர்கள் பேசினார்கள். துரைப்பாண்டி பின்வரிசையில் சட்டையில் சுண்ணாம்புக் கறையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பேரை யாரும் சொல்லவில்லை; அவனும் எதிர்பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பேச்சித்தாய் அவனைத் தேடி வந்தாள். தறி அறையில் குழி தோண்டியாயிற்று, வந்து பார்க்கணும் என்றாள். போனான். வடக்குச் சுவரை ஒட்டிச் சுத்தமாக வெட்டியிருந்தாள். அவள் ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே இறக்கினாள். கால் சரியாக எட்டியது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? இதைத் தூத்துட்டுப் போன்னு எவனும் வந்து சொல்ல மாட்டாம்லா?"

துரைப்பாண்டி வெளியே போய், மிஞ்சிக் கிடந்த கல்லில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தான். குழியின் நாலு பக்கமும் கல் வைத்து, மேல் விளிம்புக்குச் சிமெண்டு பூசி, சேலை மாட்டாதபடி முனையை உருட்டிவிட்டான். அடியில் மட்டும் மண்ணை மண்ணாகவே விட்டான். ஈரம் வர வேண்டுமே. முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"கல்லு வச்சுக் கட்டின குழியை எவன் தூப்பான்?" என்றான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்கு மறுநாள் அடுத்த வரிசையிலிருந்து வந்தார்கள். குழி கட்டுவது பேசின வேலையில் சேர்ந்தது இல்லை, யாரும் சொல்லிச் செய்வதும் இல்லை. துரைப்பாண்டி காலையில் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வடக்கே போய் ஒரு குழி கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். செண்பகவல்லி தினமும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். மே 19, சனிக்கிழமை. குழி நாற்பது. நீளம் மூன்றடி, அகலம் இரண்டரை அடி, ஆழம் இரண்டரை அடி. ஐந்தாம் வரிசை இரண்டாம் வீட்டுக்காரர் நெட்டையானவர் என்பதால் அவருக்கு மட்டும் ஆழம் மூன்றடி.