ஆமென் வரும்வரை அக்காவின் முறை

போலீசுக்குப் பயந்து நான் ஒருமுறை வேதக்கோயில் பிரசங்க பீடத்துக்குள் ஒளிந்திருக்கிறேன். 'சிறை சென்ற தமிழ்த் தம்பி' என்று எனக்கு மாலை போட்டவர்கள் சிலர் இந்த நினைவு மலரையும் இப்போது கையில் வைத்திருப்பீர்கள். மாலை வாடிவிட்டது, திருப்பித் தர வழியில்லை. அது யார் கழுத்தில் விழுந்திருக்க வேண்டும் என்பதையாவது, அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எழுதிவிடுகிறேன். துக்கத்தோடு எழுத வேண்டிய கட்டுரை. உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. பொறுக்க முடியாதவர்களுக்கு அடுத்த பக்கத்தில் சித்தப்பா மகன் எழுதிய இரங்கற்பா இருக்கிறது.

பாறசாலைக்குத் தெற்கே, இப்போது எல்லைக்கல் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அக்கா பிறந்தார். அப்பா பாலராமபுரத்துக் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து வீடுவீடாக விற்றவர். ஏழு பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். வீட்டில் எல்லோரும் பேசுவோம், அக்கா மட்டும் பேசமாட்டார். பேச விட்டால்தானே? "பொம்பளப் பிள்ளைக்கு என்ன சத்தம்?" என்று பெரியம்மா ஒருதடவை சொன்னால் அப்பா இரண்டு தடவை சொல்வார். பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்கு வாய் வருமா?" என்று கேட்டு, எதிர்த்துப் பேசாது என்று தெரிந்ததும் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள். 'எவ்வளவு தைரியசாலி' என்று இன்று கண்ணைத் துடைக்கிற உறவினர்களே, அக்காவுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பேர் வைத்தது நீங்கள்தான். முதலில் சொன்னவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். இன்றைய பந்தியில் அவர் பக்கத்தில் எனக்கு இலை போட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

அக்கா கலியாணமாகி வந்த ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூட்டம். அங்கே சங்கிலி ஜெபம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். யாரையும் தாண்டிப் போகக்கூடாது. ஒருவர் ஆமென் சொல்லும்வரை வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. முதல் மாதம் முழுவதும், தன் முறைக்கு இரண்டு ஆள் இருக்கும்போதே, "ஆட்டைக் கெட்டிட்டு வாறேன்" என்று அக்கா எழுந்து போய்விடுவார். அத்தான் வீட்டில் ஆடே கிடையாது. ஒருநாள் பெருமழை, வெளியே போக வழியில்லை. "ஆண்டவரே, எனக்குப் பேச வராது. ஆமென்" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து போகவில்லை. "ஆண்டவரே, போன வாரம் இவிய எல்லாம் சிரிச்சாவ. நீரு சிரிக்கல்ல. ஆமென்." அன்று யாரும் சிரிக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு வரி கூடியது. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் நின்று வேதபுத்தகத்துச் சங்கீதங்களைச் சத்தம்போட்டு வாசித்துப் பழகினார். ஒரு வரி கால்மணி நேரமாக வளர்ந்தது. கூட்டத்தை நடத்தும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரை மாற்றியபோது, மனுவோடு நெய்யாற்றின்கரை கல்வி ஆபீசுக்குப் போன ஆண்கள் ஐந்துபேரும் வராந்தாவில் நிற்க, உள்ளே போய்ப் பேசியது அக்கா. ஐவரில் நானும் ஒருவன். "பயமா இல்லியா அக்கா?" என்று கேட்டேன்.

"எலே, வெள்ளிக்கிழமைதோறும் மேல இருக்கவரிட்டயே பேசுறேன். இவரு என்ன அவரைவிடப் பெரிய ஆளா?"

வாத்தியார் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த அதிகாரி எழுந்து நின்று மனுவை வாங்கினார்.

இதையெல்லாம் நான் கேலி செய்தேன். 'அக்கா ஜெபம் முடிவதற்குள் ஒரு பானை மரச்சீனி வெந்துவிடும்' என்று வாரப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். அக்கா அதை வாசித்துவிட்டு, "பழைய மரச்சீனி வேகாது லே. பிடுங்கின அன்னைக்குள்ளதுன்னா வேகும்" என்று திருத்தினார்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு அடுத்த முக்கில் நான் முழங்கினேன். தாய்த் தமிழகத்தோடு சேரும்வரை என் பிணம்கூட ஓயாது என்றேன். தடியோடு போலீஸ் வந்தது. பிணமாகாமலே ஓடினேன். கோயிலுக்குள் பெண்கள் கண்ணை மூடி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்க பீடத்தின் படியேறி உள்ளே சுருண்டுகொண்டேன். ஜெபத்தில் கண் திறக்கக்கூடாது, அக்கா திறந்திருக்கிறார்.

பின்னாலேயே, அமரவிளைக்காரரான ஏட்டு இரண்டு போலீசாருடன் வந்தார். "இவிடெ ஆரெங்கிலும் கேறி—" என்று, யாராவது உள்ளே நுழைந்தார்களா எனப் பாதி கேட்டவர், ஜெபம் நடப்பதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவரும் மிஷன் கோயில் பிள்ளை. அப்போது அக்காவின் முறை.

மந்திரிமாருக்காக ஜெபித்தார். லாக்கப்பில் கிடக்கிறவர்களுக்காக, அடிபட்டவர்களின் முதுகுக்காக, அடித்தவர்களின் கைக்காக ஜெபித்தார். ஏட்டு கால் மாற்றி மாற்றி நின்றார். நான் தப்பித்தேன் என்றே நினைத்தேன். அப்போது குரல் மாறியது.

"ஆண்டவரே, என் தம்பி எங்க இருக்கான்னு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவிய கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். முக்குல நின்னு அவன் கூவினது இங்க வரைக்கும் கேட்டுது. அது சத்தியம்னா எழும்பி வாறதுக்கு அவனுக்குத் தைரியம் குடும். சத்தியம் இல்லேன்னா அங்கயே கெடக்கட்டும்."

அதற்குமேல் பேசவில்லை. ஆமெனும் சொல்லவில்லை. காத்திருந்தார். ஏட்டும் காத்திருந்தார். தலையெல்லாம் ஒட்டடையோடு நான் எழுந்து நின்றேன்.

"ஆமென்" என்றார் அக்கா.

மூன்று நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தேன், எனக்கு மாலை. அக்காவுக்கு? ஜெபத்தில் அரசியலைக் கலந்தார் என்று கோயில் கமிட்டி ஆண்கள் கூடி, பெண்கள் கூட்டத்தை நடத்தும் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். அந்த மூன்று நாளும் ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்கள் இவர்கள். இதை எழுதுகையில் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. நான் அன்று எழுந்து கேட்டேனா? இல்லை, பாராட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

எல்லை பிரிந்தது. களியக்காவிளை தமிழகத்தோடு அந்தப்புறம் போயிற்று, நாங்கள் கேரளத்தில் இந்தப்புறம் நின்றுபோனோம். சீக்கிரமே கோயிலில் தமிழ் ஆராதனை நின்றது. யாரும் உத்தரவு போடவில்லை. நம்முடைய ஆட்களே பயந்து நிறுத்தினார்கள், அதுதான் எனக்கு எரிகிறது. அக்கா மலையாளத்தை வெறுத்தவர் அல்ல. அத்தானோடு சண்டை போடுவதே மலையாளத்தில்தான். "ஆண்டவருக்கு மலையாளமும் தெரியும். ஆனா எனக்கு வாய் வந்தது தமிழிலயாக்கும்" என்பார். மலையாள ஆராதனையில் தமிழ் வேதபுத்தகத்தை மடியில் விரித்துவைத்து, ஒரு ஞாயிறு தவறாமல் உட்கார்ந்திருந்தார்.

கால் வீங்கி, மூச்சு முட்டிக் கிடந்த கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்தார். "என் அடக்கத்தன்னைக்கு ஒரு ஜெபமாவது தமிழில வேணும் மக்கா. நீதான் பண்ணணும்." பண்ணுகிறேன் என்றேன்.

அடக்கத்தன்று கமிட்டிச் செயலாளர் என் காதில், "சாரே, வேண்டாம். நமக்கு இவிடெ ஜீவிக்கண்டே?" என்றார், நாம் இங்கே வாழ வேண்டாமா என்று. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அவ்வளவுதான். அக்கா ஒரு தமிழ்ச் சொல் இல்லாமல் மண்ணுக்குள் போனார். பீடத்துக்குள் ஒளிந்ததற்குப் பயம் என்று பேர் சொல்லலாம். இதற்கு என்ன பேர் சொல்வது?

கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிய பக்கத்து வீட்டு நாயர் வீட்டு அம்மாவுக்கும், பெட்டி செய்து தந்து காப்பிகூடக் குடிக்காமல் போன ஆசாரிக்கும், அடக்கத்தன்று அமரவிளையிலிருந்து நடந்தே வந்து தொப்பியைக் கழற்றிக் கடைசி வரிசையில் நின்ற அந்த ஏட்டுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கமிட்டிக்கு நன்றி சொல்லச் சொல்லி அத்தான் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்று எழுதிவிட்டேன்.

போன மாதம் கல்லறைக்குக் கல் வைத்தோம். உச்சி வெயில். போதகர் மலையாளத்தில் ஆரம்பிக்க வாயெடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே" என்று தமிழில் தொடங்கிவிட்டேன். செயலாளர் கனைப்பது கேட்டது. கனைக்கட்டும், ஜெபத்துக்குக் குறுக்கே பேச அவருக்கும் தைரியம் கிடையாது. ஐம்பதை நெருங்கும் வயதில் நான் சத்தமாகச் செய்த முதல் ஜெபம் அது. அக்கா சொல்லிப் போனதைச் சொன்னேன். நான் வாய்மூடி நின்றதைச் சொன்னேன். இங்கே நிற்கிறவர்களை மன்னியும் என்று கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அதற்கும் நீரே ஒரு வழி பண்ணும் என்றேன். யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி விடுவிடென்று ரோட்டுக்கு நடந்தேன். நடை எனக்கே கம்பீரமாக இருந்தது.

பாதித் தூரத்தில், கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டி மூச்சிரைக்க ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"சாரே, ஆமென் சொல்லாம வந்திட்டீரே! அங்க எல்லாரும் இன்னும் கண்ணை மூடிக்கிட்டு வெயில்ல நிக்காவ."