ஆறாவது பை

அன்று காலை எங்கள் தெருமுனையில் நின்ற வண்டியில் ஏறியவர்கள் நான், என் மனைவி, ஆறு வயதுப் பாப்பா, அப்பா. வழியில் பாபநாசத்தில் மனைவியின் பெற்றோர், மாமாவும் அத்தையும், ஏறிக்கொண்டார்கள். டிரைவரைச் சேர்க்காமல் ஆறு பேர். அம்மா வரவில்லை. பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்புவதற்குள் மூன்று முறை வாந்தி எடுக்கிறவள் அவள். உள்ளே படுக்கையே இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "படுத்துக்கிட்டு வாந்தி எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குட்டிகளோடு வீட்டில் இருந்துகொண்டாள். அம்மா வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. அப்பாவின் கையில் இருந்த கட்டைப்பைக்குள் என்ன இருக்கிறது என்பது அவரைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீடு மாதிரி வசதி செய்த பெரிய வேன் அது. கேரவன் என்கிறார்கள். இரண்டு படுக்கை, எதிரெதிராக இருக்கைகள், சின்ன அடுப்பு, குளிர்பெட்டி, கதவு போட்ட கழிப்பறை. வேளாங்கண்ணிக்குப் போய் ஓர் இரவு தங்கி வர, திருச்சியிலிருந்து இரண்டு நாள் வாடகைக்கு எடுத்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த எனக்கு, மாமாவையும் அத்தையையும் அப்படி ஒரு வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மாமா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் ஆசிரியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவன் நான். அந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் காட்டியதில்லை. நான்தான் மறந்ததில்லை.

வாடகை பேசப் போனபோது டிரைவர் ஒரு வார்த்தை சொன்னார். "எல்லா வசதியும் இருக்கு சார், செருப்பு விடத்தான் எடமில்ல. ஆறு பேரு ஏறுனா பன்னெண்டு செருப்பு. ராத்திரி பாத்ரூம் போறவரு யாரோட செருப்புலயாவது தடுக்கி என் மேல வந்து விழுவாரு." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ அது நான் மட்டுமே தீர்க்கத் தெரிந்த கணக்கு மாதிரிப் பட்டது. சிங்கப்பூரில் என் வேலையே அதுதான். கட்டட வேலையாட்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் மேற்பார்வையாளன். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். வாசலில் எண் போட்ட அடுக்கு. அவரவர் எண்ணில் அவரவர் செருப்பு இருக்க வேண்டும். நடைபாதையில் ஒற்றைச் செருப்பு கிடந்தாலும் அந்த அறையின் பெயரை எழுதிக்கொள்வேன். என் மாடியின் அடுக்கைப் படம் எடுத்து மற்ற விடுதிகளுக்கு அனுப்பினார் மேலாளர். மூன்று வருடப் படிப்பும் அவ்வளவு கடனும் எதற்கு ஆயிற்று என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்ல முடியும் என்று எனக்குள் நானே சிரித்துக்கொண்டதுண்டு. ஆனால் உள்ளூரப் பெருமைதான்.

வண்டிக் கதவின் உட்புறத்தை அளந்தேன். தஞ்சாவூரில் சீட்டு உறை தைக்கிறவரிடம் சொல்லி, நீல ரெக்சினில் ஆறு பைகள் வைத்து ஒரு தொங்கலைத் தைத்து வாங்கினேன். மேலே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொரு பையிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டினேன். பாப்பாவுக்குக் கை எட்டுகிற மாதிரி கீழ் வரிசை. மாமா குனியக் கூடாது என்பதால் அவருக்கு மேல் வரிசை. அதன் பக்கத்தில் அத்தை, பிறகு மனைவி. கீழே பாப்பாவுக்கு அடுத்தது எனக்கு. கடைசிப் பையில் 'பிரஷ், துணி' என்று எழுதினேன். மண் ஒட்டிய செருப்பைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும் அல்லவா. இவ்வளவு யோசித்திருக்கிறேன். ஆறு பேர் போகிறோம், ஆறு பை இருக்கிறது, ஆறாவது பையில் நான் பிரஷ்ஷை வைத்தேன்.

வண்டி புறப்படுவதற்கு முன் எல்லோருக்கும் அதைக் காட்டினேன். அப்பா வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகப் படிக்குக் கீழே நின்றார். வெறுங்கால். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அவருக்குப் படிக்கத் தெரியாது. என் கையெழுத்து எங்கே இருந்தாலும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதும் பார்த்தார். பாப்பா ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். கடைசிப் பை வரைக்கும் வந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தாத்தா பேரு எங்கப்பா?"

நான் சிரித்தேன். "தாத்தாதான் செருப்பே போடமாட்டாரே."

அப்பாவும் சிரித்தார். "ஆமாம் பாப்பா. தாத்தா காலு வெளியவே நின்னுக்கும்" என்று சொல்லிவிட்டு, பாதங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஏறினார். கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அது பொய்யில்லை. என் நினைவில் அப்பா செருப்புப் போட்டதில்லை. அவருடைய இளவயதில் எங்கள் தெரு ஆட்கள் செருப்போடு நடக்க முடியாத தெருக்கள் ஊரில் இருந்தன. பிறகு அந்தத் தெருக்களில் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்று ஆன காலத்தில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் கறுப்பு ஷூ கட்டாயம். ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்குக் கால் வளர்ந்திருக்கும், ஒவ்வொரு ஜூன் மாதமும் அப்பா புது ஷூ வாங்கி வருவார். என் காலில் இருந்ததுதான் அவர் காலில் இல்லாதது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அப்பாவுக்குச் செருப்புப் பழக்கமில்லை என்று நான் அதற்குப் பெயர் வைத்துவிட்டேன். நண்பர்களிடம், மனைவியிடம், கல்யாணம் பேச வந்த மாமாவிடம் எல்லாம் அதையே சொன்னேன். அதில் ஒரு பெருமை தொனிக்கும்படியும் பார்த்துக்கொண்டேன். முதல் விடுப்பில் வந்தபோது மாமாவுக்குத் தோல் ஷூ வாங்கி வந்திருந்தேன். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார், தரையில் வைத்துத் தன் பாதத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு இரண்டையும் சேர்த்துப் பழையபடி பெட்டியில் அடுக்கினார். பையன் வாங்கி வந்த பொருளின் தரத்தைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பாபநாசத்தில் மாமா ஏறியதும் தொங்கலைப் பார்த்து நின்றுவிட்டார். "எம்பேரு எழுதி வச்சு யாரும் செருப்புக்கு எடம் குடுத்ததில்ல மாப்ள" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில்தான் அடுத்த தவறும் நடந்தது. எல்லோருடைய பைகளையும் இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டிகளில் வைத்தாகிவிட்டது, அப்பாவின் கட்டைப்பை மட்டும் மடியிலேயே இருந்தது. அம்மா கருவாட்டுக் குழம்போ எதையோ கொடுத்து அனுப்பியிருக்கிறாள், அத்தை முன்னால் வாடை வரப்போகிறது என்று எனக்குள் ஒரு பதற்றம். கொடுங்கள், உள்ளே வைக்கிறேன் என்று இரண்டு முறை கேட்டேன். இருக்கட்டும் என்றார். மூன்றாவது முறை, விடுதியில் பேசுகிற குரல் எனக்கு வந்துவிட்டது. "இந்த வண்டியில ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எடம் இருக்குப்பா. இப்படி மடியில வச்சிக்கிட்டு வர்றதுக்கு டவுன் பஸ்ஸுலயே போயிருக்கலாம்." அப்பா பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல்களில் ஆடு மேய்ந்தது. "இந்த மண்ணுக்கு ரெண்டு மழை போதும் தம்பி" என்று யாரும் கேட்காததற்குப் பதில் சொன்னார்.

வேளாங்கண்ணியில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும் கோயிலுக்கும் நடுவே நல்ல தூரம். மே மாதம், மதியம் ஒரு மணி. தார் இளகியிருந்தது. மாமா ஷூவோடு முன்னால் நடந்தார். அப்பா சாலை ஓரத்தில் வெள்ளைச் சாயம் அடித்த கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடந்துவந்தார். பாப்பா அதை விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே கோட்டின் மேல் நடந்தாள். வெள்ளைக் கோட்டில் சூடு கொஞ்சம் குறைவு என்பது, செருப்போடு நடந்த எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது. நின்று, "சம்பந்தி, வண்டியில எம் பழைய செருப்பு ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லட்டுங்களா?" என்றார். அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவருக்குப் பழக்கமே இல்ல மாமா. அந்தக் காலுல முள்ளே ஏறாது." அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாமாவிடம், "ஆமாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிள்ளை சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்று சாட்சிக் கூண்டில் நிற்கிற ஆள் சொல்வது மாதிரி இருந்தது அது.

மாலையில் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். நான் வண்டியில் இருந்தேன். அம்மா போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா, பாப்பா தண்ணீரில் இறங்கினாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஒங்கப்பாவுக்குப் புதுச் செருப்பு கடிக்குதான்னு கேளு தம்பி. கடிச்சா தேங்காயெண்ண தடவச் சொல்லு" என்றாள்.

எந்தச் செருப்பு என்று கேட்டேன்.

"அவரு சொல்லலியா? நீ வண்டி பேசிட்டேன்னு சொன்ன அன்னிக்கே தஞ்சாவூரு போயி வாங்கிட்டு வந்தாரு. சம்பந்தி பக்கத்துல வெறுங்காலோட நடந்தா ஒனக்குத்தான் அசிங்கமாம். பத்து நாளா காலக் கழுவிட்டு வீட்டுக்குள்ளயே போட்டு நடந்து பழகுனாரு. நான்கூட மாப்பிள்ள மாதிரி இருக்கீங்கன்னு கேலி பண்ணேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டைப்பையை எடுத்தேன். அதை முதல்முறையாக அவர் இருக்கையில் விட்டுப் போயிருந்தார். உள்ளே ஒரு துண்டு, துண்டுக்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு சோடிச் செருப்பு. அடிப்பாகத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது, நானூற்று ஐம்பது. உள்பக்கம் மட்டும், கட்டைவிரல் படும் இடத்தில், சின்னதாக ஒரு பளபளப்பு. பத்து நாள் பழகிய தடம். கடை ரசீதை நான்காக மடித்து வலது செருப்புக்குள் வைத்திருந்தார். தொங்கலிலிருந்து பிரஷ்ஷையும் துணியையும் எடுத்து வீசினேன். ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றில் அப்பாவின் பெயரை எழுதி ஒட்டினேன். அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. செருப்பை அதில் வைத்தேன்.

அவர் திரும்பி வந்து படியில் உட்கார்ந்து பாதங்களில் மணலைத் தட்டினார். வலது குதிகாலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பி உடைந்திருந்தது. நிமிர்ந்தவர் ஆறாவது பையைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஏதோ அவர் தப்புச் செய்தவர் மாதிரி, "ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ அழகா எழுதி வச்சிருந்தே தம்பி. அதப் போயி எதுக்குக் கலைக்கணும்" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. வருத்தம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாளும் அவர் அதைப் போடவில்லை. கொப்புளத்தோடு போட்டால் இன்னும் கடிக்கும், ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஊரில் இறங்கும்போது எல்லோரும் அவரவர் பையிலிருந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டினார்கள். அப்பா எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போவார் என்று நம்பிக்கொண்டேன். அந்த ஞாயிறு வருவதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது.

அந்த நீலத் தொங்கல் இப்போது சிங்கப்பூரில் என் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. ஐந்து பெயர்களும் நேராக இருக்கின்றன, ஆறாவது கோணலாக இருக்கிறது. என் செருப்பை வைக்கும்போதெல்லாம் பக்கத்துப் பை கண்ணில் படும். விடுதி நடைபாதையில் கிடக்கும் ஒற்றைச் செருப்புக்காக அறையின் பெயரை எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். எடுத்து வைத்துவிட்டுப் போகிறேன். இதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

வந்து ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், அப்பா செருப்பைப் போட்டுக்கொள்கிறாரா என்று. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அத அப்பவே கடையில திருப்பிக் குடுத்துட்டாரே. சம்பந்தி பாக்கணும்னுதான வாங்குனது, அவருதான் வெறுங்காலப் பாத்துட்டாரே, இனிமே எதுக்குன்னாரு. கடைக்காரரு நல்ல மாதிரியாம். ரசீது இருந்துச்சு, அடியும் தேயல. அம்பது ரூபாதான் புடிச்சிக்கிட்டாராம்."